உலகளந்த கோலும் நாலு பரப்புக் காணியும்

அந்தத் தகவல் மறுபடியும் வந்திருக்கிறது. இந்த முறை வாட்ஸ்அப்பில், மூன்று குழுக்களிலிருந்து, ஒரே நாளில். ஆரியபட்டர் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னமே பூமியின் விட்டத்தை அச்சொட்டாகச் சொல்லிவிட்டாராம், வெள்ளைக்காரன் அதைத் திருடித் தன்ரை எண்டு எழுதிப்போட்டானாம். கீழே கையெடுத்துக் கும்பிடும் படங்கள், "பெருமைப்படுவோம், பகிர்வோம்" என்ற வரி. அனுப்பினவர்களில் ஒருவர் இங்கே பொறியியல் படித்த ஆள். அதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

ஆரியபட்டரைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஒரு விருப்பமும் இல்லை. மனிதர் பெரிய ஆள். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று சொன்ன துணிச்சல் ஒன்றே போதும். ஆனால் அவர் சொன்னது என்ன? பூமியின் விட்டம் 1050 யோசனை. ஒரு யோசனை என்பது 8000 ஆள் உயரம். அவ்வளவுதான். இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஆளின் உயரம் ஒரு மீற்றர் 60 என்றால் யோசனை 12.8 கிலோமீற்றர், பூமியின் விட்டம் 13,440 கிலோமீற்றர். ஆள் ஒரு மீற்றர் 52 என்றால் 12,768. ஆள் இங்கத்தைய டெனிஷ்காரன் மாதிரி ஒரு மீற்றர் 80 என்றால் 15,120. உண்மையான சராசரி விட்டம் 12,742. ஆக, எந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறீர்களோ அதுக்கேற்ற பூமி கிடைக்கும். "அச்சொட்டு" என்று எழுதுகிறவர் முதலில் விடையைப் பார்த்துவிட்டு, பிறகு அதுக்குப் பொருத்தமான கட்டையன் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்.

இது எங்கட ஆக்களின் வியாதி மட்டுமில்லை. கிரேக்கர் எரத்தொஸ்தனிஸ் பற்றி ஐரோப்பியர் எழுதுவதிலும் இதே விளையாட்டுத்தான். அவர் பூமியின் சுற்றளவு 252,000 ஸ்ராடியா என்று சொன்னார். ஒரு ஸ்ராடியம் எவ்வளவு? 157.5 மீற்றர் என்று எடுத்தால் 39,690 கிலோமீற்றர், உண்மைக்கு மிகக் கிட்ட. 185 மீற்றர் என்று எடுத்தால் 46,620. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் எதை எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது. அந்த எண்ணை அளந்த தடி வேணும். தடி துலைஞ்சு போனால் எண் வெறும் சத்தம்.

வடிவாகப் பார்த்தால் பூமியை அளப்பதில் பாதி வேலை மிகச் சுலபம். ஒரு உதாரணம் சொல்கிறேன், பிள்ளைகள் உள்ள ஆக்கள் செய்து பார்க்கலாம். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது ஏறத்தாழ ஏப்ரல் 14, 15இல், அதாவது எங்கட சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, மத்தியானம் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். முற்றத்தில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டால் நிழல் தடிக்குக் கீழேயே ஒளிந்துகொள்ளும். அதே நாள் கொப்பன்ஹேகனில் அந்த ஊர் மத்தியானத்தில் (மணிக்கூட்டில் ஒண்டே கால் கிட்ட வரும், கோடைகால நேரம் என்பதால்) ஒரு மீற்றர் தடியை நட்டால் நிழலும் கிட்டத்தட்ட ஒரு மீற்றர். கொஞ்சம் கூட. கோணம் 46 பாகை. பூமி முழுவதும் 360 பாகை. ஆகவே யாழ்ப்பாணத்துக்கும் கொப்பன்ஹேகனுக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் பூமியின் சுற்றளவில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதுக்குத் தேவை ஒரு தடி, ஒரு வெயில் நாள். ஏப்ரலில் டென்மார்க்கில் வெயில் நாள் கிடைப்பதுதான் இதில் கடினமான பகுதி.

மற்றப் பாதிதான் பிரச்சினை. அந்த எட்டில் ஒரு பங்கு எத்தனை கிலோமீற்றர்? அதை நிலத்தில் அளக்க வேண்டும். வானத்தை எவனும் அளக்கலாம், அதுக்கு வேலி இல்லை. நிலத்தில் சங்கிலி போடுவதென்றால் யாருடைய வயலுக்குள்ளால், யாருடைய அனுமதியில், யாருடைய காசில், எத்தனை கூலியாட்களோடு என்ற கேள்விகள் வரும். அதனால்தான் பூமியின் அளவைச் சரித்திரத்தில் தேடிப் போனால் விஞ்ஞானிக்குப் பின்னால் எப்போதும் ஒரு அரசனோ, கொம்பனியோ, வரி வாங்குகிறவனோ நிற்பான்.

நான் இருக்கிற நாட்டையே எடுங்கோ. டென்மார்க்கின் நீள அளவைகளை ஒழுங்குபடுத்தியவர் ஓலே றோமர். 1644இல் ஓர்ஹூஸில் பிறந்தவர். பிரான்சிலிருந்து ஷோன் பிக்கார் என்ற வானியலாளர் 1671இல் இங்கே வந்தார். ரைக்கோ பிராகே என்ற டெனிஷ் வானியலாளர் நூறு வருடத்துக்கு முதல் வேன் தீவில் கட்டியிருந்த ஆய்வுகூடம் சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று அளப்பதற்காக. பிக்கார் சும்மா ஆள் இல்லை. அதுக்கு ஒண்டு இரண்டு வருடம் முன்னர்தான் பரிசுக்குத் தெற்கிலிருந்து அமியான் வரைக்கும் முக்கோணம் முக்கோணமாக அளந்து, ஒரு பாகைக்கு 57,060 துவாஸ் என்று பூமியின் அளவை அந்தக் காலத்துக்கு வியப்பான துல்லியத்தில் கண்டுபிடித்தவர். அவருக்கு இங்கே உதவியாளராக நின்ற இளைஞன்தான் றோமர். பிக்கார் திரும்பும்போது பெடியனைப் பரிசுக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே 1676இல் றோமர் வியாழனின் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்து, ஒளி ஒரு இடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போக நேரம் எடுக்கிறது என்று சொன்னார். அது வேறு கதை, பிறகு வாறேன். 1681இல் டென்மார்க் திரும்பினார். அரசன் ஐந்தாம் கிறிஸ்தியான் அவரிடம் அளவைகளைக் கொடுத்தான். 1683இல் நாடு முழுவதற்கும் ஒரே அடி, ஒரே முழம், ஒரே மைல் என்று சட்டம் வந்தது. டெனிஷ் மைல் 24,000 அடி, எங்கட கணக்கில் ஏழரைக் கிலோமீற்றர். பூமியின் ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட பதினைந்து மைல் வரும் அளவு. (இந்த மனிதர் கடைசிக் காலத்தில் கொப்பன்ஹேகனின் பொலிஸ் அதிபராகவும் இருந்தார். வியாழனைப் பார்த்த கண் கள்ளரையும் பார்த்தது.)

இதுவரைக்கும் அழகான கதை. பள்ளிக்கூடத்தில் இங்கத்தைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதுவரைக்கும்தான். அதே அரசன், அதே வருடங்களில் இன்னொன்றும் செய்தான். 1681 தொடங்கி நாட்டில் இருந்த வயல் எல்லாவற்றையும் அளக்க ஆட்களை அனுப்பினான். 1688இல் புதிய காணிப் பதிவேடு வந்தது. ஒவ்வொரு பண்ணையும் எத்தனை பீப்பாய் தானியத்துக்குச் சமம் என்று போட்டு, அதுக்கு வரி. அந்த வரி அளவுக்கு ஹார்ட்கோர்ன் என்று பெயர், 1903 வரைக்கும் இருந்தது. ஒரே அடி வேண்டும், ஒரே முழம் வேண்டும் என்று அரசனுக்குத் திடீரென்று ஞானம் பிறந்ததுக்குக் காரணம் ஓரளவு விளங்கும். ஊருக்கு ஊர் முழம் வேறு என்றால் வரி எப்படிப் போடுவது?

இங்கே ஒரு விசயம் என்னைப் பிடித்துக்கொண்டது. டெனிஷ் கமக்காரர் இன்றைக்கும் காணியை 'தொன்ட லான்' என்ற கணக்கில் சொல்வார்கள். 'ஒரு பீப்பாய் நிலம்' என்று அர்த்தம். ஒரு பீப்பாய் தானியம் விதைக்கத் தேவையான நிலம் என்பதில் வந்தது, பிறகு 14,000 சதுர முழம் என்று நிரந்தரமாக்கி, இப்போது 5,516 சதுர மீற்றர். ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்ரேயர் என்று சொன்னாலும் கிழவர்கள் வாயில் தொன்ட லான்தான். எங்கட யாழ்ப்பாணத்து உறுதிகளை எடுத்துப் பாருங்கோ. எத்தனை பரப்பு என்பதோடு அது நெல் விதைப்பா வரகு விதைப்பா என்றும் எழுதியிருக்கும். வரகு விதைத்தே எத்தனையோ காலமாகிவிட்ட காணிக்கும் வரகு விதைப்பு. நிலத்தை அளந்தது தடியில்லை, விதைக்கிற கை. இரண்டு ஊர் கமக்காரனும் ஒருவனை ஒருவன் காணாமல் ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள்.

கடலிலும் அப்படித்தான். டெனிஷ் மொழியில் கடலாழத்தை அளக்கும் அலகு 'ஃபவ்ன்'. அந்தச் சொல்லுக்கு அணைப்பு என்றும் பொருள். இரண்டு கையையும் விரித்த நீளம். எங்கட கடற்றொழிலாளர் பாகம் என்று சொல்வது அதேதான், கயிற்றை இரண்டு கையாலும் விரித்து விரித்து எண்ணுவது. பெருவிரலுக்கு 'தொமே', அதுதான் அங்குலம். எங்கட சமையலறைக்கு ஒருமுறை இறாக்கை திருத்த வந்த தச்சன் 'தொமேஸ்ரொக்' எங்கே என்று தேடினான். அங்குலத்தடி. மடித்து விரிக்கிற மஞ்சள் மரத்தடி. எடுத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்தேன், அதில் இருந்தது சென்ரிமீற்றர். டென்மார்க் மீற்றர் சட்டம் போட்டது 1907இல். அலகு மாறி நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் தடியின் பெயர் மாறவில்லை. டெனிஷ்காரரின் 'ஏலன்' என்ற முழம் மட்டும் 62.8 சென்ரிமீற்றர், எங்கட முழம் 45 அளவில். இவ்வளவு நீளக் கை எந்த டெனிஷ்காரனுக்கும் இல்லை. அளந்து விற்கிறவனுக்கு ஒரு முழம், அளந்து வாங்குகிறவனுக்கு ஒரு முழம் என்று எங்கட சந்தையில் சொல்லக்கூடியதுதான்.

சரி, எங்கட பெருமைக்கு வருவம். தமிழனுக்கு உலகத்தை அளந்த தடி இருந்தது, உண்மையாகவே. பெயரே 'உலகளந்த கோல்'. முதலாம் இராசராசன் காலத்தில், 1001 அளவில் தொடங்கி சோழநாட்டு நிலங்களை அளந்தார்கள். அந்த வேலையை நடத்திய அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்று பட்டம். பெயரைக் கேட்டால் எரத்தொஸ்தனிசின் மாமன் மாதிரி இருக்கும். அளந்தது உலகத்தை இல்லை, உழவனின் வயலை. ஒரு வேலியை 52,428,800,000 ஆகப் பிரித்தால் வரும் துண்டு வரைக்கும் கணக்கு வைத்திருந்ததாகக் கல்வெட்டு ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேலி ஆறரை ஏக்கர் அளவு என்று வைத்துப் போட்டால் அந்தத் துண்டு அரைச் சதுர மில்லிமீற்றர். ஒரு எள்ளின் முதுகுகூட அதைவிடப் பல மடங்கு பெரிது. இதைத் தடியால் அளந்திருக்க ஏலாது. முந்திரி என்றால் 320இல் ஒன்று, கீழ்முந்திரி என்றால் அதிலும் 320இல் ஒன்று என்று எங்கட பின்னக் கணக்கு இறங்கிக்கொண்டே போகும், அந்தப் பெருக்கலில் வந்தது. கணக்கு என்ற வகையில் இது பெரிய கெட்டித்தனம், இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த எனக்கு அதைப் பார்க்க இப்பவும் சந்தோசம். ஆனால் அந்தக் கெட்டித்தனம் எதுக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பெருமைப்பட வேண்டும். எள்ளளவு நிலத்துக்கும் வரி தப்பக்கூடாது.

பூமியை உண்மையாகவே அளந்த ஆட்கள் தமிழ்நாட்டுக்கு வந்தது எண்ணூறு வருடம் கழித்து. 1799இல் திப்பு சுல்தான் விழுந்தார். அந்தச் சண்டையில் நின்ற வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி, மைசூர் கைக்கு வந்துவிட்டது, இனித் தீபகற்பத்தைக் கரைக்குக் கரை அளக்கலாம், அதோடு பூமியின் வடிவத்தையும் கண்டுபிடிக்கலாம் என்று கொம்பனிக்கு எழுதினார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வேலை தொடங்கியது. நூறு அடி உருக்குச் சங்கிலி. அது சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டு போன சாமான்களில் ஒன்று, அங்கே எடுபடாமல் இந்தியாவுக்கு வந்தது. சங்கிலியை மரப்பெட்டிகளில் வைத்து, வெயிலில் இரும்பு நீளும் என்பதால் வெப்பமானி வைத்துப் பார்த்து, ஏழரை மைலை அளக்க 57 நாள் எடுத்தது. அந்த ஒரு கோட்டை மட்டும்தான் நிலத்தில் அளந்தது. மிச்சம் எல்லாம் கோணம். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் வந்துவிடும், அந்தப் பக்கத்தில் அடுத்த முக்கோணம், இப்படியே கன்னியாகுமரிக்கும் அங்கிருந்து இமயமலை அடிவாரத்துக்கும். இடையிடையே சரிபார்க்க இன்னும் சில அடிக்கோடுகள்.

கோணம் பார்க்கிற கருவி அரைத் தொன். வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர் பிடித்து, பிறகு விஞ்ஞானச் சாமான் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். மலை இருக்கிற இடத்தில் மலையில் ஏற்றலாம். தஞ்சாவூர் தட்டையான வயல்வெளி, மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்கள்தான் மலை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அந்தக் கருவியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து ஆறு கிழமையாகத் தட்டித் தட்டி நிமிர்த்தினார் என்று சொல்வார்கள். உலகளந்த கோல் வைத்திருந்த இராசராசன் கட்டிய கோயிலில், உலகத்தை அளக்க வந்தவனின் கருவி உடைந்தது. ஒரு கதாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் 'மிகை' என்று சொல்லியிருப்பேன். (அதே 1808இல்தான் பக்கத்தில் தரங்கம்பாடியை, டெனிஷ்காரர் 1620இல் தஞ்சை நாயக்கரிடம் வாங்கி வைத்திருந்த ஊரை, ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1815இல் திருப்பிக் கொடுத்தார்கள், 1845இல் காசு கொடுத்தே வாங்கினார்கள். தமிழனுக்கும் டெனிஷ்காரனுக்கும் பழக்கம் எண்பதுகளில் எங்கட ஆக்கள் அகதியாக வந்து தொடங்கியது என்று நினைப்பவர்களுக்காக இந்த அடைப்புக்குறி.)

கருவியைத் தோளில் சுமந்தவன், கொடி பிடித்து மலை உச்சியில் நின்றவன், காட்டுக் காய்ச்சலில் செத்தவன் இவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இரண்டு பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த வங்காளத்து ராதாநாத் சிக்தார், எவரெஸ்டின் உயரத்தைக் கணக்குப் போட்டவர். மற்றவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மோசின் ஹுசைன், நகைத் தொழில் தெரிந்தவர். பின்னாளில் அந்தப் பெரிய கருவிகளைப் புதுப்பித்துக் கொடுத்தவர். ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி பழுதானால் ஐரோப்பாவுக்கு அனுப்பத் தேவையில்லை என்று காட்டிய மனிதர். வாட்ஸ்அப்பில் பெருமைப்பட ஆள் தேடுகிற அன்பர்கள் இந்த ஆளை எடுத்துக்கொள்ளலாம். ஆதாரம் இருக்கிறது, கட்டையன் கணக்கும் தேவையில்லை.

மீற்றருக்கு வாறேன். பிரெஞ்சுப் புரட்சிக்காரர் 1791இல் ஒரு நல்ல யோசனை சொன்னார்கள். அரசனின் கையும் காலும் வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான பூமியே அளவாக இருக்கட்டும். வடமுனையிலிருந்து மத்தியகோடு வரைக்கும் உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீற்றர். இரண்டு பேர் டன்கேர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளக்கப் போனார்கள், ஏழு வருடம் இழுத்தது. போகிற இடத்தில் எல்லாம் உளவாளி என்று சந்தேகப்பட்டு மறித்தார்கள். விடையைச் சரிபார்க்க 1798இல் மற்ற நாட்டு அறிஞர்களைப் பரிசுக்கு அழைத்தார்கள். டென்மார்க்கிலிருந்து போனவர் தோமஸ் பூக. கொப்பன்ஹேகன் வட்டக் கோபுரத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்து டென்மார்க்கை முக்கோணமாக அளந்ததில் முன்னுக்கு நின்றவர். போய்க் காத்திருந்தார், காத்திருந்தார்… அளந்தவர்கள் வந்து சேரவே காலம் போய்விட்டது. வேலை முடிய முதலே சலித்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். 1799இல் மீற்றர் வந்தது. டென்மார்க் அதை எடுக்க இன்னும் நூற்றெட்டு வருடம்.

இவ்வளவு பாடுபட்டும் மீற்றர் 0.2 மில்லிமீற்றர் கட்டையாகப் போனது. பூமி அவ்வளவு ஒழுங்கான உருண்டை இல்லை. பிறகு பூமியைக் கைவிட்டு உலோகத் தடியை வைத்தார்கள். 1983இல் அதையும் கைவிட்டு, ஒளி ஒரு செக்கனில் 299,792,458 மீற்றர் போகும், அதில் ஒரு பங்கு மீற்றர் என்று முடித்துவிட்டார்கள். ஒளிக்கு வேகம் உண்டு என்று முதலில் அவதானித்துக் காட்டியவர் யார்? டெனிஷ் அடியை வகுத்த அதே றோமர். டெனிஷ் அடி செத்துப்போனது, அவர் வியாழனைப் பார்த்து எழுதிவைத்த விசயம்தான் இப்போது உலகத்தின் அளவுகோல். ஒருவரின் உத்தியோகம் அழிந்து அவரின் பொழுதுபோக்கு நிலைத்தது போல எனக்குப் படுகிறது. இதில் எனக்கு இந்த நாட்டின் மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

இப்ப ஏன் இதெல்லாம் என்று கேட்பீர்கள். லாம்ப்டனுக்குப் பின் வந்த ஜோர்ஜ் எவரெஸ்ட், தாங்கள் அளந்ததை வைத்து 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். எவரெஸ்ட் நீள்கோளம் என்று பெயர். இலங்கையின் வரைபடங்களும் அந்தப் பூமியின் மேல்தான் வரையப்பட்டன. நீர்கொழும்புப் பக்கம் கந்தவளை என்ற இடத்தைத் தொடக்கமாக வைத்து. அந்தப் பூமியின் மத்தியகோட்டு ஆரை இன்றைக்குச் செய்மதி சொல்லும் ஆரையைவிட 860 மீற்றர் அளவில் குறைவு. கைத்தொலைபேசி சொல்கிற புள்ளியை மாற்றாமல் அப்படியே பழைய இலங்கை வரைபடத்தில் வைத்தால் நூற்றுக் கணக்கான மீற்றர் தள்ளி விழும். நில அளவையாளருக்கு இது தெரியும், மாற்றத் தெரியும். காணிக்காரனுக்குத் தெரியாது. டென்மார்க்கில் உட்கார்ந்து கூகிள் படத்தில் ஊர்க் காணியைப் பார்த்து, பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளிவிட்டான் என்று சண்டை பிடிக்கிற ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

பக்கத்துக்காரன் பரவாயில்லை. எங்கட ஊரில் நில அளவையாளர் சங்கிலியோடு வந்தால் சனம் வீதியில் இருந்து மறிப்பதை வருடம் தவறாமல் செய்தியில் பார்க்கிறோம். முல்லைத்தீவு வட்டுவாகலில் கடற்படை முகாமுக்காக அளக்க வந்தபோது எத்தனை தடவை மறித்தார்கள். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். 1990இலிருந்து சொந்தக்காரர் கால் வைக்க முடியாத காணிகள் அவை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி, வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது. ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்த மூன்று மாதமும் ஐரோப்பாவில் எத்தனை வீடுகளில் பழைய பெட்டிகளைக் கிளறினார்கள் என்பது எனக்குத் தெரியும். கொழும்பில் இருந்து அறிவித்தல் எழுதியவருக்கு மூன்று மாதம் போதும் என்று தோன்றியிருக்கும். உறுதி எரிந்து, கச்சேரி எரிந்து, சாட்சி செத்து, பிள்ளைகள் நாலு நாட்டில் என்றால் மூன்று மாதம் எவ்வளவு நீளம் என்பதற்கு எந்தத் தடியும் இல்லை.

நில அளவையாளரை மறிக்கிற சனத்தைப் பார்த்து, படிப்பறிவில்லாமல் அபிவிருத்தியைக் குழப்புகிறார்கள் என்று கொழும்பில் எழுதுகிறவர்கள் உண்டு. எங்கட ஆக்களிலும் உண்டு. அந்தச் சனத்துக்கு விஞ்ஞானத்தோடு கோபம் இல்லை. சங்கிலி வந்தால் பின்னால் என்ன வரும் என்று அதுகளுக்குத் தெரியும். 1688இல் டெனிஷ் கமக்காரனுக்கும் தெரிந்திருக்கும், 1001இல் தஞ்சாவூர்க்காரனுக்கும் தெரிந்திருக்கும். அதேநேரம் அளவே வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது. அரசாங்கம் அளந்த படம் மட்டும் இருந்து எங்கட கையில் ஒரு படமும் இல்லை என்றால் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது? என்ரை அபிப்பிராயம், வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் கோயில் கோபுரத்துக்கு அனுப்புகிற காசில் ஒரு துண்டை எடுத்து, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு தங்கட காணியை அளப்பித்து, படத்தைப் பதிந்து, பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். பரப்பு என்றால் எவ்வளவு என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 253 சதுர மீற்றர் அளவு.

எங்கட வீட்டுக் காணியின் உறுதியை மச்சான் ஊரிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். நாலு பரப்பு. வடக்கும் கிழக்கும் இன்னாரின் காணி, தெற்கு ஒழுங்கை, மேற்கு இன்னொருவரின் காணி என்று எல்லை. எல்லையில் பெயர் உள்ள மூன்று பேரில் ஒருவர் கனடாவில், ஒருவர் இறந்துவிட்டார், மற்றவரைப் பற்றி 2009க்குப் பிறகு ஒருவருக்கும் தெரியாது. ஒழுங்கை மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறதாம். மூத்தவள் இங்கே ஒன்பதாம் வகுப்பு, எவ்வளவு காணி என்று டெனிஷில் கேட்டாள். 1,012 சதுர மீற்றர், தொன்ட லானில் ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் அளக்க ஆள் வருகிறார், கதியால் அடையாளம் காட்ட மச்சான் நிற்பார்.